கிணற்றுக்குள் யானைக்குட்டி: எப்படி எடுப்பது, யாரிடம் விடுவது?

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. கோவை தடாகம், மேட்டுப்பாளையம், பந்தலூர், சத்தியமங்கலம், அப்பால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வரைக்கும் தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும் பாசனக் கிணறுகள் ஏராளம். கைப்பிடிச் சுவர் இருக்காது. சுற்றிலும் புல்லும் உன்னிச்செடியும் மண்டிக் கிடக்கும். ராத்திரி வாழைக்கோ சோளத்துக்கோ இறங்குகிற கூட்டத்தில் பெரிய யானைகள் விளிம்பை உணர்ந்து ஒதுங்கிவிடும். தாயின் காலை ஒட்டி ஓடிவருகிற குட்டிக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது.

விழுந்தபின் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எப்படி மேலே கொண்டுவருவது என்பது ஒன்று. கொண்டுவந்தபின் யாரிடம் விடுவது என்பது இன்னொன்று. டிவியில் காட்டுவது முதலாவதை மட்டும்தான். குட்டி மேலே வந்ததும் கைதட்டல் கேட்கும், செய்தி அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தக் குட்டி பிழைக்குமா, காட்டு யானையாக வாழுமா என்பதை முடிவு செய்வது இரண்டாவதுதான். அதனால் முதல் முடிவையும் அதை வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தாயோடு சேர்வதைக் கெடுக்காத வழி எதுவோ, அதுதான் நல்ல வழி. நேரமும் செலவும் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

முடிவெடுப்பவர் வனச்சரகரும் வனக் கால்நடை மருத்துவரும்தான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் தாங்களாகக் கயிறு கட்டி இழுப்பதற்கு இடமில்லை. ஆனாலும் அந்த முடிவு எப்படி அமையும் என்பதில் தோட்டக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. கிணறு எத்தனை அடி, எத்தனை அடி தண்ணீர், எந்த ஆழத்தில் பாறை, எந்தப் பக்கம் இளகிய மண், மோட்டார் கம்பி எங்கே போகிறது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் கையில் இல்லையென்றால் 112 அல்லது தீயணைப்புக்கு 101. அடுத்த வேலையாக மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். அப்புறம் கூட்டம் சேர விடாதீர்கள். இந்த மூன்றாவதுதான் மூன்றிலும் கஷ்டமானது.

இனி எடுக்கும் வழிகள்.

நம் பக்கத்தில் அதிகம் கைகொடுப்பது சரிவு வெட்டுவது. ஜேசிபியோ ஹிட்டாச்சியோ வந்து கிணற்றின் ஒரு பக்கத்தை இடித்து, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகப் பாதை அமைக்கும். வெட்டும் மண்ணில் ஒரு பகுதி உள்ளே சரிந்து அடிமட்டத்தையும் உயர்த்தும். ஒரு பக்கம் வேலை நடக்க, இன்னொரு பக்கம் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். பாதை சரியாக அமைந்துவிட்டால் குட்டி தானாக ஏறிவரும். 2024 பிப்ரவரியில் பந்தலூர் பக்கம் கிணற்றில் விழுந்த குட்டியை இப்படித்தான் மண்ணை வெட்டி மீட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சாய்வு. ஈரமண்ணில் செங்குத்தாக வெட்டினால் குட்டி நாலடி ஏறும், முன்னங்கால் வழுக்கும், முட்டி போட்டுக்கொண்டு தும்பிக்கையால் மண்ணைத் துழாவும், அப்படியே பின்னோக்கிச் சரிந்து திரும்பத் தண்ணீரில் போய் விழும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் சோர்ந்து சுவர் ஓரமாக ஒண்டிக்கொள்ளும். பிறகு பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற மனம் வராது. ஆகவே முதல் முயற்சிக்கு முன்பே பாதையை நீளமாகவும் படிப்படியாகவும் வெட்டி, மேலே காய்ந்த மண்ணோ சரளையோ போட்டுவிடுவது நல்லது. அந்தக் கூடுதல் அரை மணி நேரத்துக்காக யாரும் அவசரப்படக் கூடாது. பாதை கிணற்றின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் பொக்லைன் நிற்க வசதியான இடத்தை வைத்துத் தீர்மானிக்காமல், காடு எந்தப் பக்கம், தாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஏறி வருகிற குட்டி நேராக ஓடப்போவது அந்தத் திசையில்தான். வீடுகள் இருக்கும் பக்கம் பாதையைத் திறந்துவிட்டால் அது ஊருக்குள் ஓடும், பின்னாலேயே தாயும் வரும்.

சரிவுக்குக் குறையும் உண்டு. கோவை வட்டாரக் கிணறுகளில் பாதி ஆழத்துக்குக் கீழே போனால் பாறைதான். முப்பது அடிக் கிணறு என்றால் சமாளிக்கலாம். அறுபது, எழுபது அடி என்றால் அடி வரைக்கும் சரிவு வெட்டுவது நடக்காத காரியம். இன்னொன்று, கிணறு போய்விடும். கிணறு வெட்டிக் கல் கட்டியவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ‘குட்டியைக் காப்பாத்துங்க, ஆனா கிணத்த இடிக்காதீங்க’ என்று ஒருவர் சொன்னால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. இடித்ததைத் திரும்பக் கட்டித் தருவோம் என்று அந்த இடத்திலேயே அதிகாரியால் உறுதி கொடுக்க முடிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். அலைய வைத்தால், அடுத்த முறை பக்கத்துத் தோட்டத்துக்காரர் தகவல் சொல்வதற்கே யோசிப்பார்.

இரண்டாவது வழி தண்ணீரை நிரப்பி மிதக்க விடுவது. 2020 ஜனவரியில் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த யானையை இப்படி மீட்டபோது ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று நாடெங்கும் பேசினார்கள். யானை நன்றாக நீந்தும், குட்டியும் மிதக்கும். கேட்க அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது அடி அகலமுள்ள வட்டக் கிணற்றில் தண்ணீரை ஓர் அடி உயர்த்தச் சுமார் 8,900 லிட்டர் வேண்டும். 4,500 லிட்டர் பிடிக்கும் தீயணைப்பு வண்டியாக இருந்தால் அடிக்கு இரண்டு வண்டி. பதினைந்து அடி உயர்த்த வேண்டும் என்றால் முப்பது நடை. அதுவரை குட்டி கால் ஊன்ற இடமில்லாமல் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குட்டிக்குக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் அது ஆகாத காரியம். பக்கத்திலேயே நிறைந்த குட்டையோ நல்ல ஊற்றுள்ள இன்னொரு கிணறோ இருந்து, இரண்டு மூன்று மோட்டார்களைச் சேர்த்துப் போட முடிந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். பெரிய யானைக்கு நல்ல வழி. குட்டிக்கு, ஆழக் கிணற்றில் மேல்பாதி சரிவு, கீழ்ப்பாதி தண்ணீர் என்று கலந்து செய்வதுதான் பொருந்தும்.

மூன்றாவது தூக்கி எடுப்பது. 2020 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே ஐம்பது அடிக்கு மேல் ஆழமான கிணற்றில் பெண் யானை ஒன்று விழுந்தது. மயக்க ஊசி போட்டு, கிரேன் வைத்து, பல மணி நேரம் போராடித்தான் தூக்கினார்கள். பெரிய யானைக்கு இதில் ஆபத்து அதிகம். மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலைச் சுற்றி இருக்கும் இடைவெளி யானைக்குக் கிடையாது. நெஞ்சுக்கூடு தாராளமாக விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. மார்பில் பட்டை இறுக்கிப் பிடித்தாலோ, மயக்கத்தில் மார்பு அழுந்தப் படுத்துவிட்டாலோ மூச்சு முட்டிப்போகும். குட்டிக்கு மயக்க ஊசி இல்லாமலே முடியும். பிறந்த குட்டி சுமார் நூறு கிலோ இருக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று என அகலமான இரண்டு பட்டைகள் கொடுத்து, பத்துப் பேர் சேர்ந்து இழுத்தால் வந்துவிடும். கழுத்திலோ ஒற்றைக் காலிலோ கயிறு போட்டு இழுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. மூட்டு விலகிய குட்டி கூட்டத்தோடு நடக்காது. நடக்க முடியாத குட்டிக்காகக் கூட்டமும் நாள்கணக்கில் காத்திருக்காது.

வேகம் என்று பார்த்தால் தூக்குவதுதான் முதலிடம். ஆனால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். தூக்கிய குட்டி மனிதர்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது. பயத்தில் யார் காலையாவது ஒட்டிக்கொள்கிறது. கிணற்று வாயில் பத்துப் பேர் நின்றால் தாய் கிட்டே வராது, வந்தால் அந்தப் பத்துப் பேருக்கும் ஆபத்து. சரிவில் ஏறிவரும் குட்டிக்கோ யாருடைய கையும் தேவையில்லை. வண்டியை அணைத்துவிட்டு, எல்லோரும் நூறு இருநூறு மீட்டர் விலகி நின்றால் போதும். பெரும்பாலும் குட்டி கத்தும், புதருக்குள்ளிருந்து பதில் வரும். கிணறு மிக ஆழம், குட்டி தண்ணீரில் தத்தளிக்கிறது, பொக்லைன் வர வழியில்லை என்றால் மட்டும் தூக்கிவிடுங்கள்.

சரி, எடுத்தாயிற்று. தாய் கண்ணில் படவில்லை. இப்போது?

முதலில் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனித வாடை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வாடையைக் குறைக்க வனத்துறையினரும் குட்டியைக் குளிப்பாட்டுவது, சேறோ கூட்டத்தின் லத்தியோ (யானைச் சாணம்) பூசிவிடுவது உண்டு. செய்வதில் தவறில்லை. ஆனால் 2017 டிசம்பரில் மேட்டுப்பாளையம் அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் சிக்கிய குட்டியை மீட்டபின், தாய் எந்த நேரமும் பாய்ந்து வரலாம் என்ற நிலையில், வனப் பணியாளர் ஒருவர் அதைத் தோளில் தூக்கிப்போட்டுச் சாலையைக் கடந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அவ்வளவு வாடை பட்ட குட்டியைத்தான் நீர்நிலை அருகே விட்டு ஒதுங்கினார்கள். தாய் அதைக் கூட்டிப்போனது. ஆக, தாயைத் தடுப்பது வாடையை விடப் பெரும்பாலும் நாம் கூட்டமாக நிற்பதுதான். விளக்கு, பட்டாசு, செல்போன் வெளிச்சம், ‘அந்தா வருது, அந்தா வருது’ என்ற கூச்சல், இவ்வளவும் இருக்கும் இடத்துக்கு எந்தத் தாய் வரும்?

எனவே முதல் தேர்வு, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காட்டின் ஓரத்தில் விட்டு, ஒரு ராத்திரியாவது காத்திருப்பது. யானைகள் விடியும் முன் தோட்டத்தை விட்டு ஏறிவிடும். பகலில் தாய் வரவில்லை என்பதால் கைவிட்டுவிட்டது என்று ஆகாது, இருட்டியதும் திரும்பி வரும். இந்த இடைவெளியில் குட்டிக்குத் தண்ணீரும், மருத்துவர் சொன்னால் குளுக்கோஸும் கொடுக்கலாம். வயிறு நிறையப் புட்டிப்பால் கொடுத்துப் பழக்கினால் அது கொடுத்த கையைத் தேடி வர ஆரம்பித்துவிடும். காவலுக்கு நாலு பேர் போதும், அதுவும் மரத்தின் மேலோ வண்டிக்குள்ளோ.

கூட்டம் தூரம் போயிருந்தால், தேடிப்போய்ச் சேர்ப்பது. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தனியாக நின்ற சில மாதக் குட்டியை, ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, கொண்டுபோய்த் தாயிடம் சேர்த்தார்கள். சில நாள் கழித்து அந்தக் குட்டி தாயை அணைத்தபடி தூங்கும் படம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் ட்ரோனைப் புகழ்ந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடிக் காவலர்கள். எத்தனை யானை, எந்தக் கூட்டம், லத்தி எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்று அவர்கள் பார்த்துச் சொல்வது ட்ரோனுக்குத் தெரியாது. எதிரே நிற்பது குட்டியின் சொந்தக் கூட்டம்தானா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இந்த வேலையில் முக்கால்வாசிப் பேர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகக் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சொந்தக் கூட்டம் கிடைக்காதபோது வேறு கூட்டத்தோடு சேர்த்துவிடுவது அடுத்த வழி. யானைக் கூட்டத்தில் அத்தை, சித்தி, அக்கா என்று குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அதனால் இது எளிதில் நடந்துவிடும் என்று தோன்றும். பால் குடிக்கும் குட்டிக்கு அது அவ்வளவு எளிதல்ல. காவல் காப்பது ஒன்று, பால் கொடுப்பது வேறு. பால் ஊறும் தாய் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், அதன் சொந்தக் குட்டி போக மிச்சம் இருக்க வேண்டும், அது மனம் ஒப்ப வேண்டும். 2024-ல் கோவை மருதமலை அடிவாரத்தில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த தாயோடு நின்ற குட்டி அதைவிட்டுப் பிரிந்து வேறு யானைகளோடு போனது, பிறகு தனித்து நின்றது. திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்தும் ஒட்டவில்லை. கடைசியில் ஜூன் மாதம் வனத்துறையின் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வயதைத் தாண்டி, புல்லும் மூங்கில் இலையும் தானே பறித்துத் தின்னும் குட்டி என்றால் வேறு கூட்டம் நல்ல வாய்ப்பு. ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் அது ஒரு சூதாட்டம். தோற்றது தெரிவதற்குள் குட்டி நீர் வற்றி விழுந்துவிடும்.

மிச்சம் முகாம். முதுமலை தெப்பக்காடும், ஆனைமலை கோழிகமுத்தியும் நம்மிடம் இருக்கின்றன. தெப்பக்காடு நூறாண்டைக் கடந்த முகாம். அங்கே பாகன்களுக்கும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களுக்கும் கைப்பழக்கம் உண்டு. ரகு, பொம்மி என்ற இரண்டு குட்டிகளைப் பாகன் பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் வளர்த்த கதையை ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. ஆனால் அந்த விருது கிடைத்த அதே 2023 மார்ச்சில், பென்னாகரம் அருகே கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டு, தாயோடு சேர்க்க முடியாமல் அதே முகாமுக்கு வந்த குட்டி மாதம் முடிவதற்குள் இறந்துபோனது. பார்த்துக்கொண்டதும் அதே கைகள்தான். பார்த்துக்கொண்டவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. புட்டிப்பால் யானைப்பால் ஆகாது. மாட்டுப்பால் செரிக்காது என்பதால் குழந்தைகளுக்கான பால்பவுடர், இளநீர், குளுக்கோஸ் என்று அளந்து அளந்து கொடுப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் விடாமல். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் ஒரே நாளில் கவலைக்கிடம்.

பால் குடிப்பதிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். யானைக்குட்டி தும்பிக்கையால் உறிஞ்சுவதில்லை, வாயால்தான் குடிக்கும். தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில்தான் மடி. குட்டி தும்பிக்கையை மேலே தூக்கித் தாயின் உடம்பில் சாய்த்துக்கொண்டால்தான் அதற்கு நிம்மதி. அந்தச் சாய்மானம் இல்லாமல் சில குட்டிகள் புட்டியை வாயில் வைத்தாலும் குடிக்காது. அதனால் வளர்ப்பவர் தன் தோளையோ கையையோ கொடுப்பார், சில இடங்களில் கம்பளியைத் தொங்கவிட்டு அதன் மறைவிலிருந்து புட்டியை நீட்டுவார்கள். கொடுத்த தோளில் குட்டி பழகிவிடுகிறது. முகாமின் விலை இதுதான். உயிர் பிழைத்தாலும் அந்த யானை காட்டுக்குத் திரும்புவது அரிது, முகாம் யானையாகவே வாழ்ந்து முடிக்கும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, நம் ஊரில் இல்லை. இலங்கையில் உடவளவையில் 1995-இல் தொடங்கிய யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லத்தில் பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதர்கள் குட்டிகளை நெருங்குவதில்லை. குட்டிகள் தங்களுக்குள் ஒரு கூட்டமாகி மேய்கின்றன. சுமார் ஐந்து வயதில் அவற்றைச் சேர்த்தே காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேல் விட்டிருக்கிறார்கள். அதே நாட்டில் 1975-இல் தொடங்கிய பின்னவலை ஆதரவு இல்லத்தில் வளர்ந்தவை மனிதர் வசமே இருந்துவிட்டன. இரண்டுக்கும் வித்தியாசம் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட நோக்கத்தில்தான். அசாமில் காசிரங்கா பக்கம் 2002 முதல் இயங்கும் மறுவாழ்வு மையமும் தாயற்ற குட்டிகளை வளர்த்து மானஸ் காட்டில் விட்டிருக்கிறது. ஆக இந்தியாவிலும் முடியும். இத்தனை குட்டிகள் கிணற்றிலும் மின்வேலியிலும் தாயைப் பிரியும் தமிழ்நாட்டில் அப்படி ஓர் இடம் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. செலவு ஒரு தடை. விட்ட பிறகு அவை ஊருக்குள் வந்தால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு தடை. இரண்டாவது தடையை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. தடாகத்தில் ராத்திரி காவலுக்குப் போகிற விவசாயியிடம், மனிதரைக் கண்டு அஞ்சாத யானைகள் சிலவற்றைக் காட்டில் விடப்போகிறோம் என்று யார் போய்ச் சொல்வது? ஆளைப் பழகவிடாமல் வளர்த்தால்தான் அந்தத் திட்டத்துக்கே அர்த்தம் உண்டு, பார்வையாளர் கட்டணம், செல்ஃபி என்று ஆரம்பித்தால் அது இன்னொரு முகாம்தான்.

அப்படி ஓர் இடம் வரும்வரை, சரகர் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. குட்டி நன்றாக நிற்கிறது, வயிறு ஒட்டவில்லை என்றால் இரண்டு ராத்திரிகள் வரை தாய்க்காகக் காத்திருக்கலாம், பகலில் தேடலாம். இரண்டு வயதுக்கு மேல் என்றால் இன்னும் பொறுக்கலாம், வேறு கூட்டத்தையும் முயலலாம். தொப்புள்கொடி கூட உதிராத குட்டி, கண் குழிந்திருக்கிறது, கூப்பிட்டாலும் தலை தூக்கவில்லை என்றால் ஒரு ராத்திரிக்கு மேல் முயற்சி என்ற பெயரில் அலைக்கழிக்க வேண்டாம், முகாமுக்கு வண்டி ஏற்றிவிடுங்கள். தாய் இறந்தது உறுதி என்றாலும் அப்படியே. இடையில் எந்தக் கட்டத்திலும் மருத்துவர் போதும் என்றால் போதும்.

தோட்டக்காரருக்கு வரிசை இன்னும் சுருக்கம். கைப்பிடிச் சுவர் எழுப்பப் பணம் இல்லையென்றால், பயன்படாத கிணற்றை மூடிவிடுங்கள். பயன்படும் கிணற்றைச் சுற்றி இருக்கும் உன்னிச்செடியை இந்த மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள். விளிம்பு தெரிந்தாலே பாதிக் குட்டிகள் விழாது.